கேள்வி பதில்: வெண்கலக் குதிரை நிற்கும் முற்றம்

(பதில் சொல்பவர் மதுரை வெண்கலக்கடைத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர்.)

கேள்வி: என் மகன் ரோமில் வேலை பார்க்கிறான். வருகிற மே மாதம் நானும் கணவரும் போகிறோம். காப்பிடோலின் குன்றில் ஒரு பழைய வெண்கலக் குதிரைச் சிலை உண்டு, அவசியம் பார்க்க வேண்டும் என்று நீங்கள் முன்பு ஒரு பதிலில் எழுதியிருந்தீர்கள். மகனைக் கேட்டால், "அது சதுக்கத்திலேயே நிற்கிறது அம்மா, சும்மாவே பார்க்கலாம், உள்ளே டிக்கெட் எதற்கு?" என்கிறான். டிக்கெட் வாங்கிப் பார்க்க அப்படி என்ன இருக்கிறது? எனக்கு முழங்கால் வலி வேறு.
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: கட்டாயம் உள்ளே போய்ப் பாருங்கள் அம்மா. வேறு எந்தச் செலவையாவது குறைத்துக்கொள்ளுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

மகன் சொல்வதிலும் தப்பில்லை. குன்றின் மேல் மிக்கேலாஞ்சலோ வடிவமைத்த சதுக்கத்தின் நடுவில் ஒரு வெண்கலக் குதிரை நிற்கத்தான் செய்கிறது. அதன் மேல் மார்க்கஸ் அரேலியஸ் பேரரசர் வலது கையை நீட்டியபடி உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அது 1997-ல் வைத்த நகல். கி.பி. 175 வாக்கில் வார்த்த அசல், அருகிலேயே இருக்கும் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. 1538-ல் மூன்றாம் பால் என்ற போப்பாண்டவர் ரோமிலேயே இருக்கும் லாத்தரான் என்ற இடத்திலிருந்து அதைக் கொண்டுவந்து இந்தச் சதுக்கத்தில் நிறுத்தினார். பீடம் மிக்கேலாஞ்சலோ செய்தது. அதன் பிறகு நானூறு வருடத்துக்கு மேல் வெயிலிலும் மழையிலும் அங்கேயே நின்றது. 1979-ல் அந்தச் சதுக்கத்தில் இருக்கும் நகராட்சி மாளிகையில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகுதான் சிலையை உன்னிப்பாகச் சோதித்தார்கள். புகையும் ஈரமும் உலோகத்தை எவ்வளவு தின்றிருக்கின்றன என்பது அப்போது தெரிந்தது. 1981-ல் பீடத்திலிருந்து இறக்கி, பல வருடம் சிகிச்சை செய்தார்கள். மறுபடியும் வெளியே நிறுத்தவில்லை. அருங்காட்சியக மாளிகைக்கு உள்ளே தோட்டமாக இருந்த ஒரு திறந்த முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டு, 2005-லிருந்து அங்கே வைத்திருக்கிறார்கள்.

நான் 2017 அக்டோபரில் போனேன். வெளியே நல்ல மழை. கண்ணாடிக் கூரையில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்க, கீழே குதிரை நனையாமல் நின்றது. வெளிச்சம் மேலிருந்து இறங்கும் விதம் நம் பழைய வீடுகளின் முற்றம் போலவே இருந்தது. நான்கு பக்கமும் நிழல், நடுவில் மட்டும் வானம். காலையில் போனதால் கூட்டமில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருப்பேன்.

என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். முதலில் தங்கம். அந்தச் சிலைக்கு ஒரு காலத்தில் முழுக்கப் பொன் பூசியிருந்தார்கள். இப்போது முகத்திலும் மேலங்கியின் மடிப்பிலும் குதிரையின் உடம்பிலும் திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது. ஒரு பக்கம் பச்சைக் களிம்பு, அதற்குள்ளிருந்து பொன் எட்டிப் பார்க்கிறது. நகலில் இது கிடையாது. என்றைக்காவது இந்தச் சிலை முழுக்கப் பொன்னாகத் திரும்பினால் அன்றைக்கு உலகம் முடியும் என்று ரோம் நகரத்து மக்கள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். குதிரையின் காதுகளுக்கு நடுவே முன்மயிர் குடுமியாக நிற்கும். பார்வைக்கு ஆந்தை மாதிரி இருக்கும். உலகம் முடியும் அன்றைக்கு அந்த ஆந்தை கூவுமாம். பேத்தி இருந்தால் அந்த ஆந்தையைக் காட்டுங்கள்.

அப்புறம் கால்கள். அரசரின் கால்கள் இரண்டும் வெறுமனே தொங்கும். ரோமானியர்களிடம் கால் ஊன்றும் அங்கவடி கிடையாது. பிடிப்பே இல்லாமல் அவ்வளவு பெரிய குதிரை மேல் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். திருப்பரங்குன்றத்திலும் புது மண்டபத்திலும் முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பாயும் கல் குதிரைகளைப் பார்த்துப் பழகிய கண் நம்முடையது. இந்தக் குதிரை பாயவில்லை. வலது முன்னங்காலை மட்டும் தூக்கி நடக்கிறது. அந்தக் காலுக்குக் கீழே, கை கட்டப்பட்ட ஒரு எதிரியின் சின்ன உருவம் இருந்ததாக இடைக்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது எப்போதோ போய்விட்டது. அவனை நினைத்துக்கொண்டு நீட்டிய கையைப் பாருங்கள். மிதிக்கவும் செய்கிறார், மன்னிக்கவும் செய்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் என்னை அவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தது வேறு ஒன்று. அது இன்னும் இருக்கிறதே என்ற நினைப்புத்தான். பழைய ரோமில் இப்படிக் குதிரை மேல் அமர்ந்த பேரரசர்களின் வெண்கலச் சிலைகள் நிறையவே இருந்தன. ஏறக்குறைய எல்லாமே உலைக்குப் போய்விட்டன. காசாகவும் மணியாகவும் ஆயுதமாகவும் ஆயின. இது தப்பியது ஒரு பெயர்க் குழப்பத்தால். கிறித்தவத்துக்கு ஆதரவு கொடுத்த முதல் பேரரசர் கான்ஸ்டன்டைன். குதிரை மேல் இருப்பவர் அவர்தான் என்று நூற்றாண்டுக் கணக்கில் நம்பினார்கள். அதனால் யாரும் கை வைக்கவில்லை. சரியான பெயர் தெரிந்திருந்தால் இன்றைக்கு இந்தக் குதிரை இருந்திருக்காது.

என் அப்பாவுக்கு வெண்கலக்கடைத் தெருவில் பாத்திரக் கடை. பழசைப் போட்டுப் புதுசு வாங்க வருகிறவர்கள்தான் பாதிப் பேர். விளிம்பு உடைந்த உருளி, ஓட்டை விழுந்த பானை, தண்டு வளைந்த குத்துவிளக்கு எல்லாம் தராசில் ஏறும். அப்பா சுண்டு விரலின் கணுவால் ஒரு தட்டுத் தட்டுவார். "வெண்கலம்", "பித்தளை" என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். வெண்கலம் இழுத்துப் பாடும், பித்தளை சட்டென்று அடங்கிவிடும். ஒவ்வொன்றிலும் பேர் வெட்டியிருக்கும். கல்யாணத் தேதி, ஊர், சில நேரம் சீர் கொடுத்த தாய்மாமன் பேர். எடை போட்டதும் எல்லாம் மூட்டையாகக் கட்டி உருக்கப் போகும். அந்தப் பேர்களெல்லாம் எங்கே போனது என்று பத்து வயதில் நான் கேட்டிருக்கிறேன். அப்பா பதில் சொல்லவில்லை.

ஒரு முறை சோழவந்தானிலிருந்து ஒரு அம்மா பாவை விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். ஒரு முழ உயரம். அகல் ஏந்திய கை மணிக்கட்டோடு உடைந்திருந்தது. அப்பா எடைக்கு உண்டான பணத்தைக் கொடுத்தார், மூட்டையில் போடவில்லை. "இதை உருக்க எனக்குக் கை வரலைப்பா" என்றார். அந்த விளக்கு இப்போதும் என் வீட்டில் இருக்கிறது. உடைந்த கையோடு இருக்கிறது. ரோமில் அந்தக் குதிரைக்கு முன்னால் நின்றபோது எனக்கு அந்த விளக்குத்தான் நினைவுக்கு வந்தது.

முழங்காலுக்கு வருகிறேன். கீழே சாலையிலிருந்து சதுக்கத்துக்கு ஏற மிக்கேலாஞ்சலோ வடிவமைத்த அகலமான சரிவுப் பாதை இருக்கிறது. தாழ்ந்த, நீண்ட படிகள், மெதுவாக ஏறலாம். பக்கத்திலேயே ஒரு தேவாலயத்துக்குப் போகும் செங்குத்தான படிக்கட்டும் உண்டு. தப்பித் தவறி அதில் ஏறிவிடாதீர்கள்.

உள்ளே நுழைந்ததும் வரும் முதல் முற்றத்தில் கான்ஸ்டன்டைனின் பிரம்மாண்டமான சிலையின் பளிங்குத் துண்டுகள் வரிசையாக இருக்கும். தலை, கை, பாதம். அந்தப் பாதத்துக்குப் பக்கத்தில் நின்று எல்லோரும் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள். இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் ஓநாய்ச் சிலை ஓர் அறையில் இருக்கிறது. அது கி.மு. 5-ஆம் நூற்றாண்டு வேலை என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். உலோகத்தையும் உள்மண்ணையும் சோதித்தவர்கள் அது இடைக்காலத்து வார்ப்பு என்கிறார்கள். குழந்தைகள் 15-ஆம் நூற்றாண்டில் சேர்த்தவை. எப்படியிருந்தாலும் அதன் முகம் அற்புதம். 1471-ல் நான்காம் சிக்ஸ்துஸ் என்ற போப்பாண்டவர் ரோம் மக்களுக்கு என்று கொடுத்த வெண்கலங்களில் அதுவும் ஒன்று. அந்தக் கொடையிலிருந்துதான் இந்த அருங்காட்சியகமே தொடங்கியது.

குதிரை இருக்கும் கூடத்திலேயே கான்ஸ்டன்டைனின் பெரிய வெண்கலத் தலையும் கையும் இருக்கின்றன. நான் போனபோது அந்தக் கையில் ஒரு விரல் இல்லை. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் கால்விரல் என்று நினைத்து வைத்திருந்த துண்டு, இந்தக் கையின் ஆள்காட்டி விரல் என்று 2018-ல் கண்டுபிடித்தார்கள். 2021-ல் அது கையோடு சேர்ந்துவிட்டது. நான் பார்க்காததை நீங்கள் பார்க்கப்போகிறீர்கள். திரும்பி வந்ததும் எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: அவ்வளவு பெரிய சிலையை ஒரே தடவையில் ஊற்ற முடியுமா? உள்ளே கெட்டியா, காலியா? நம் ஊர் நடராசரும் அப்படித்தானா?
- எட்டாம் வகுப்பு மாணவன், அவனியாபுரம்

பதில்: நல்ல கேள்வி தம்பி. அந்தக் குதிரை உள்ளே காலி. நம் நடராசர் கெட்டி. இரண்டுக்கும் அடிப்படை மெழுகுதான்.

முதலில் நம்முடையதைச் சொல்கிறேன். சுவாமிமலையில் இன்றைக்கும் நேரில் பார்க்கலாம். தேன்மெழுகோடு குங்கிலியமும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அந்த மெழுகில் சிலையை முழுசாகச் செய்துவிடுவார்கள். விரல் நகம், காதணி, சலங்கை எல்லாம் மெழுகிலேயே வந்துவிடும். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைக் கூழாகக் கரைத்து மெல்லிசாகப் பூசி நிழலில் உலர்த்துவார்கள். பிறகு கொஞ்சம் முரட்டு மண், அதற்கு மேல் இன்னும் முரட்டு மண். காய்ந்ததும் சூடாக்கினால் மெழுகு துளை வழியாக உருகி ஓடிவிடும். உள்ளே சிலையின் வடிவத்தில் ஒரு வெற்றிடம் இருக்கும். அதில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைப்பார்கள். அச்சு உடைந்து போகிறது பார், அதனால்தான் ஒரே மாதிரி இரண்டு சிலை வருவதில்லை. கடைசியில் அரமும் உளியும் வைத்து வேலை நடக்கும். கண் திறப்பது எல்லாவற்றுக்கும் பின்னால்.

இதே முறையில் குதிரையைக் கெட்டியாக வார்த்தால் என்ன ஆகும்? அரசரோடு சேர்த்து அதன் உயரம் நாலே கால் மீட்டர். எடை தாங்காது. கனமான உலோகம் ஆறும்போது சுருங்கி விரிசலும் விடும். அதனால் ரோமானியர்கள் நடுவில் மண்ணால் ஒரு கரு வைத்து, அதன் மேல் மெழுகை மெல்லிய தோல் மாதிரி படிய வைத்தார்கள். வெளியே மறுபடியும் மண். மெழுகு உருகி ஓடிய பிறகு உள்மண் நகர்ந்துவிடாமல் இருக்கக் குறுக்கே ஆணிகள் குத்தி வைப்பார்கள். உலோகம் அந்தத் தோல் அளவுக்குத்தான் நிற்கும். அதுவும் ஒரே தடவையில் இல்லை. பகுதி பகுதியாக வார்த்து, உருகிய வெண்கலத்தாலேயே ஒட்டுவார்கள். வார்ப்பில் காற்றுக் குமிழால் ஓட்டை விழுந்தால் அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி, சின்ன வெண்கல ஒட்டுப் போட்டு இழைத்துவிடுவார்கள். பழைய ரோமானிய வெண்கலங்களை உற்றுப் பார்த்தால் அந்தச் சதுர ஒட்டுகள் தெரியும்.

வீட்டில் வெண்கலத்திலும் பித்தளையிலும் ஒவ்வொரு பாத்திரம் இருந்தால் அம்மாவிடம் கேட்டுத் தட்டிப் பார். செம்போடு வெள்ளீயம் சேர்ந்தது வெண்கலம், செம்போடு துத்தநாகம் சேர்ந்தது பித்தளை. இரண்டு தடவை தட்டினால் மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாய்.

கேள்வி: ரோமுக்கெல்லாம் போக வசதியில்லை. மதுரையில் கோயில் உற்சவர்களைப் பட்டும் மாலையுமாகத்தான் பார்க்க முடிகிறது. செப்புத் திருமேனியின் வேலைப்பாட்டைப் பக்கத்தில் நின்று பார்க்க எங்கே போக வேண்டும்?
- ஒரு வாசகர், செல்லூர்

பதில்: உற்சவரை அலங்காரத்தோடு பார்ப்பதில் குறை ஒன்றும் இல்லை. அவர் வீதிக்கு வருவதற்காகவே வார்க்கப்பட்டவர். பீடத்தில் வளையங்களோ துளைகளோ இருக்கும். பல்லக்கிலும் வாகனத்திலும் வைத்து அசையாமல் கட்டுவதற்கு. பட்டும் பூவும் சாத்தித்தான் ஊர் அவரைப் பார்த்தது. ஆனால் உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. முதுகின் வளைவு, இடுப்பு ஒடிந்து நிற்கும் நிலை, விரல் மடங்கும் விதம், இதெல்லாம் பட்டுக்குள் மறைந்துவிடுகிறது.

மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் கலைக்கூடம் இருக்கிறது. அரியநாத முதலியார் காலத்து மண்டபம், தூண்கள் 985. கண்ணாடிக்குள் திருமேனிகள் இருக்கின்றன. கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதியில்லை என்பது இங்கே ஒரு நன்மை, எல்லோரும் கண்ணால் பார்ப்பார்கள். தமுக்கத்தில் காந்தி அருங்காட்சியக வளாகத்துக்குள் அரசு அருங்காட்சியகமும் உண்டு, 1981 உலகத் தமிழ் மாநாட்டின்போது தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போக ஏற்ற இடம். திருமலை நாயக்கர் மகாலுக்கு வெண்கலம் தேடிப் போக வேண்டாம். அங்கே போவது முற்றத்துக்காக. சாயங்கால வெயில் அந்தத் தூண்களில் சாயும் நேரம் பார்த்துப் போங்கள்.

ஆனால் ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் தஞ்சாவூர் பஸ் ஏறுங்கள். அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து கிடைத்த ரிஷபவாகன தேவர் நிற்கிறார். முதலாம் இராசராசன் காலம், 1011-ஐ ஒட்டிய வார்ப்பு. ஒரு காலை மாற்றிப் போட்டு, காளையின் மேல் கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிறார். பாம்புகளைத் தலைப்பாகை போலச் சடையில் சுற்றியிருக்கிறார். காளை இல்லை. எங்கே போனதோ, கிடைக்கவில்லை. ஆனாலும் கை அங்கே சாய்ந்துதான் இருக்கிறது. சில நிமிடம் பார்த்தால் காளையின் முதுகு எந்த உயரத்தில் இருந்தது என்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும். பக்கத்தில் அம்மன்.

இவர்கள் மண்ணுக்குள் இருந்து வந்தவர்கள். 1311-ல் மாலிக் கபூரின் படை மதுரை வரைக்கும் வந்தது. அப்படிப்பட்ட காலங்களில் கோயில்காரர்கள் திருமேனிகளைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். புதைத்த இடம் தெரிந்தவர்கள் செத்துப் போனார்கள். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதும் வயலை உழும்போதும் இன்றைக்கும் மண்வெட்டியில் தட்டுப்படுகிறது. ரோமில் பேரை மாற்றி நம்பியதால் ஒன்று தப்பியது. இங்கே பேர் தெரிந்தவர்களே மறைத்து வைத்ததால் பல நூறு தப்பின. அந்தப் பட்டர்களையும் ஊர்க்காரர்களையும் நினைத்துக்கொண்டுதான் நான் ஒவ்வொரு முறையும் அந்தக் கூடத்துக்குள் நுழைகிறேன்.

ஒரு யோசனை. முன்னால் நின்று பார்த்தது போதும் என்று திரும்பிவிடாதீர்கள். பக்கவாட்டில் எவ்வளவு போக முடியுமோ அவ்வளவு போய்ப் பின்பக்கத்தைப் பாருங்கள். யாருமே பார்க்கப் போகாத முதுகையும் சிற்பி அதே அக்கறையோடு முடித்திருப்பார்.

கேள்வி: பாட்டி வீட்டுப் பரணில் ஒரு சாண் உயரத்துக்கு அம்மன் சிலை ஒன்று கிடைத்தது. பச்சைப் பசேலென்று இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்துப் பூசையில் வைக்கலாமா?
- ஒரு வாசகி, மேலூர்

பதில்: இந்தப் பதிலைப் படிக்கும் வரைக்கும் தேய்க்கவில்லை என்று நம்புகிறேன். புளி வேண்டாம், எலுமிச்சை வேண்டாம், சாம்பலும் வேண்டாம். தினம் புழங்கும் பாத்திரத்துக்குப் புளி சரி. பழைய சிலைக்கு அந்தப் புளிப்பு மேல்தோலையே உரித்துவிடும். கண் புருவம், மூக்கு நுனி, நகையின் கோடு எல்லாம் ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும். கெட்டியாக, சீராகப் படிந்த பச்சை அந்த உலோகத்துக்குப் போர்வை மாதிரி. தூள் தூளாக உதிரும் வெளிர் பச்சையாக இருந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். அப்படி இருந்தால் ஈரம் படாமல் வைத்து, அரசு அருங்காட்சியகத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள். இப்போதைக்கு மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும்.

அது நூறு வருடத்துக்கு மேல் பழசாக இருந்தால் 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தால் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். சிலை உங்கள் வீட்டிலேயே, உங்கள் பேரிலேயே இருக்கும். களவு போனால் இது இன்ன வீட்டுச் சிலை என்று சொல்ல ஒரு படமும் தாளும் இருக்கும், அவ்வளவுதான்.

பூசையில் வைப்பதை நான் தடுக்கவில்லை. பூவும் விளக்கும் போதும், அபிஷேகம் மட்டும் வேண்டாம். வைப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மெதுவாகச் சாய்த்து, பீடத்தின் அடியையும் பின்பக்கத்தையும் பாருங்கள். எழுத்து ஏதாவது வெட்டியிருந்தால் அதன் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் லேசாக உரசினால் எழுத்து தாளில் விழும். அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள்.